யாரும் பார்க்காத இரண்டு சீட்டு

பெங்களூரு அல்சூரில் தங்கை வீடு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து பாயில் சாய்ந்திருந்தேன். மருமகன் போனை முகத்துக்கு நேரே நீட்டினான். "மாமா, இதப் பாருங்க. 270 கோடியில ஒரு தடவைதான் இப்படி நடக்குமாம்."

2008-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டி அது. மோட்டோயுகி மபுச்சி என்பவரின் கையில் இரண்டு ஏஸ். எதிரே ஜஸ்டின் பிலிப்ஸ் கையில் டைமண்ட் ராஜாவும் டைமண்ட் ஜாக்கும். மேசை நடுவில் ஏற்கெனவே ஓர் ஏஸ் கிடக்கிறது, டைமண்ட் ராணியும் டைமண்ட் பத்தும் கிடக்கின்றன. கடைசிச் சீட்டைத் திருப்புகிறார்கள். டைமண்ட் ஏஸ். அந்த ஒரே சீட்டு மபுச்சிக்கு நாலாவது ஏஸ் ஆகிறது, பிலிப்ஸுக்கு ராயல் ஃப்ளஷ் ஆகிறது. நாலு ஏஸ் வைத்திருப்பவன் தோற்பான் என்று எந்தச் சீட்டாட்டக்காரனும் கனவிலும் நினைக்கமாட்டான். மபுச்சி தோற்றார். தொலைக்காட்சியில் அப்போது சொன்ன எண்தான் இந்த 270 கோடி.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ரம்மி தெரிந்தால் போதும், போக்கர் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் கவிழ்த்தபடி இரண்டு சீட்டு. பிறகு எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு திறக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. உங்கள் இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்து ஏழில் எந்த ஐந்து நல்ல கையோ அதுவே உங்கள் கை. ஒவ்வொரு கட்டத்திலும் நம் மூணு சீட்டு மாதிரி பணம் கட்டலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். மூணு சீட்டில் பேக் என்பதைப் போக்கரில் ஃபோல்ட் என்பார்கள். ஒரே சின்னத்தில் பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் வரிசையாக அமைந்தால் அது ராயல் ஃப்ளஷ். அதற்கு மேல் கையே கிடையாது.

270 கோடி எனக்கு உறுத்தியது. ஒரு பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஐந்து சீட்டு எடுத்தால் அதில் ஏதாவது ஓர் எண் நாலும் வந்து சேர வாய்ப்பு 4,165-இல் ஒன்று. ராயல் ஃப்ளஷ் வர வாய்ப்பு 6,49,740-இல் ஒன்று. இரண்டையும் பெருக்கினேன். 270,61,67,100. டிவிக்காரர்களின் எண் அப்படியே வந்து நின்றது. பெருக்கலில் பிழை இல்லை. பெருக்கியதுதான் பிழை.

அல்சூரில் இன்று மழை வர வாய்ப்பு பத்தில் ஒன்று, இந்திராநகரிலும் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் மழை வர நூற்றில் ஒன்றா? ஒரே மேகம்தானே இரண்டுக்கும் மேலே நிற்கிறது! ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகளின் வாய்ப்பைத்தான் பெருக்கலாம். மபுச்சிக்கும் பிலிப்ஸுக்கும் நடுவில் கிடந்த ஐந்து சீட்டும் பொதுவான மேகம். தவிர, ஆளுக்கு ஐந்து சீட்டு இல்லை, ஏழு.

சரியாக எண்ணினால் என்ன வரும்? இரண்டு பேருக்கு இரண்டிரண்டு சீட்டும் நடுவில் ஐந்தும் போட மொத்தம் 2,78,138 கோடி வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒருவர் கையில் இரண்டு ஏஸ், இன்னொருவர் கையில் ராயல் ஃப்ளஷுக்கான இரண்டு சீட்டு, மீதி எல்லாம் நடுவில் என்று அமைவது 6,336 வழிகளில். வகுத்தால் ஏறத்தாழ 44 கோடியில் ஒன்று. 270 கோடி ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

இன்னும் சுருங்கும். மேசையில் இருப்பது இரண்டு பேர் இல்லை. ஒன்பது பேர் உட்கார்ந்தால் அவர்களுக்குள் 36 ஜோடி. எந்த ஜோடிக்கு நடந்தாலும் நாம் வாயைப் பிளக்கத்தான் போகிறோம். ஆகவே 44 கோடியை 36-ஆல் வகுக்க வேண்டும். 1 கோடியே 22 லட்சத்தில் ஒன்று. பெங்களூரின் மக்கள்தொகை இதைவிட அதிகம் என்கிறார்கள். ஊரில் ஆளுக்கு ஒரு தரம் சீட்டுப் போட்டால் யாரோ ஒருவருடைய மேசையில் இது நடந்துவிட நல்ல வாய்ப்பு உண்டு.

நேரக் கணக்காகப் பாருங்கள். நல்ல டீலர் ஒரு மணி நேரத்தில் சுமார் 30 கை போடுவார். ஒரே மேசை இரவு பகல் ஓயாமல் ஆடினால் இந்தக் காட்சிக்கு 46 வருஷம் காத்திருக்க வேண்டும். ஆனால் 2008 போட்டியில் 6,844 பேர் சேர்ந்தார்கள். ஒன்பது பேர் வீதம் 760 மேசை. 760 மேசையும் ஒன்றாக ஓடினால் காத்திருப்பு 22 நாள்! யாரும் நடுவில் ஒதுங்காமல் கடைசிவரை ஆடினால்தான் இந்தக் கணக்கு. நிஜத்தில் பலர் ஒதுங்குவார்கள், ஆகவே கூடுதல் நாளாகும். என்றாலும் 270 கோடி எங்கே, இது எங்கே.

"அப்ப இதுல அதிசயமே இல்லைங்கிறீங்களா?" என்றான் மருமகன், கொஞ்சம் வாடிப்போய்.

இருக்கிறது, வேறு இடத்தில். சீட்டுக்கட்டை எடுத்துவரச் சொன்னேன்.

52 சீட்டை எத்தனை விதமாக அடுக்கலாம்? விடை 68 இலக்க எண். இன்று உலகில் இருக்கும் 800 கோடிப் பேரும், பிரபஞ்சம் பிறந்த 1,380 கோடி வருஷமாக, நொடிக்கு ஒரு புது அடுக்கு வீதம் அடுக்கிக்கொண்டே வந்திருந்தால்கூட, இதுவரை முடிந்த அடுக்குகளின் எண்ணிக்கை 28 இலக்கத்தைத் தாண்டியிருக்காது. இத்தனை பெரிய கடலில் எந்தத் துளியும் ஏறத்தாழச் சம வாய்ப்போடு வரவேண்டும் என்றால் கட்டை எத்தனை முறை கலைக்க வேண்டும்?

ஏழு முறை போதும். 1992-இல் டேவ் பேயர், பெர்சி டயகானிஸ் என்ற இரு கணிதர்கள் காட்டிய விடை இது. டயகானிஸ் பதினான்கு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி மந்திரவாதியாக ஊர் சுற்றிவிட்டுப் பிறகு கணிதத்துக்கு வந்தவர். இந்த ஏழு, கட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதியின் நுனியையும் கட்டைவிரலால் சர்ரென்று விடுவித்து ஒன்றுக்குள் ஒன்று நுழைக்கும் கலைப்புக்குத்தான். நம் வீடுகளில் கட்டைக் கையில் பிடித்துக் கொத்துக் கொத்தாக உருவிப் போடுகிறோமே, அது இதைவிடப் பல மடங்கு மோசம். கல்யாண வீட்டு ரம்மியில் எனக்கு வந்த சில கைகளுக்கு இப்போது விளக்கம் கிடைத்துவிட்டது.

ஏன் மூன்று போதாது? கட்டை 1 முதல் 52 வரை எண் போட்டு அடுக்குங்கள். ஒரு முறை கலைத்தால் பாதி வரிசை ஒன்றும் மீதிப் பாதி ஒன்றுமாக இரண்டு 'ஏறுவரிசைகள்' உள்ளே பின்னிக்கிடக்கும். இடையில் வேறு சீட்டு நுழைந்திருந்தாலும் 1-க்குப் பின்னால்தான் 2 இருக்கும், அதற்குப் பின்னால்தான் 3. இரண்டாவது கலைப்பில் இந்த வரிசைகள் அதிகபட்சம் நான்காகும், மூன்றாவதில் எட்டு, ஐந்தாவதில் 32. ஆனால் கட்டைத் தலைகீழாக அடுக்கினால் அதில் 52 ஏறுவரிசைகள். ஐந்து கலைப்பில் அந்த அடுக்கு வரவே முடியாது. ஆறாவதில்தான் வாசல் திறக்கிறது. ஏழாவதில் கலவை ஓரளவு சமமாகிறது.

மனிதன் சோம்பேறி என்று இயந்திரத்திடம் கொடுத்தால்? கட்டை உள்ளே போட்டதும் ஒவ்வொரு சீட்டையும் பத்துத் தட்டுகளில் ஏதோ ஒன்றில் போட்டுக் கலைத்துத் தரும் இயந்திரம் ஒன்றை டயகானிஸும் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். நன்றாகக் கலைந்த கட்டில், திறந்த சீட்டுகளையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று ஊகித்துக்கொண்டே போனால் 52-இல் சராசரி நாலரை சீட்டு சரியாக வரும். அந்த இயந்திரம் கலைத்த கட்டில், விஷயம் தெரிந்தவர் ஒன்பதரை சீட்டைச் சரியாகச் சொல்லிவிட முடியும் என்று கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தாறுமாறாகத் தெரிவதெல்லாம் தாறுமாறு இல்லை.

நேரில் ஒரு போட்டியைப் பார்த்தால்தான் மீதி புரியும் என்றான் மருமகன். கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல், போக்கர் திறமை ஆட்டம் என்றால் அதை ஆட மன்றங்களுக்கு உரிமம் தேவையில்லை என்று சொன்ன பிறகு பெங்களூரில் போக்கர் கிளப்புகள் பெருகின. அப்படி ஒன்றில், ஒரு சனிக்கிழமை மாலை, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஆடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு.

முதலில் காதில் விழுந்தது மழைச் சத்தம். மழை இல்லை. ஐம்பது அறுபது பேர் ஒரே நேரத்தில் விரலிடுக்கில் சிப்புகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அடுக்கை ஒன்றாக்கி, பிரித்து, மறுபடி ஒன்றாக்கி. யாரும் தம் விரலைப் பார்ப்பதில்லை. போட்டியில் இந்தச் சிப்புகளுக்குக் கடைக் காசு மதிப்பு கிடையாது. நுழைவுக் கட்டணம் ஒரே முறை. எல்லோருக்கும் சம சிப்பு. தீர்ந்தால் எழுந்து போக வேண்டும். கட்டாயப் பந்தயம் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தரம் ஏறிக்கொண்டே போகும், ஆகவே நல்ல சீட்டு வரட்டும் என்று சும்மா உட்கார்ந்திருப்பவர் தானாகவே கரைந்துவிடுவார்.

டீலர் பெண்ணின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 52 சீட்டையும் கவிழ்த்து மேசையில் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் தோசைமாவு பரப்புவதுபோல் வட்டமாக அளைந்தார். இதற்குப் பெயரே 'வாஷ்'. பிறகு நுனி விட்டுக் கலைப்பு இரண்டு, நடுவில் ஓர் உருவல், மறுபடி ஒரு கலைப்பு, ஒரு வெட்டு. ஏழுக்குப் பதில் மூன்றுதான். அந்த அளைதல்தான் பாக்கியைச் சரிக்கட்டுகிறது. பொதுச் சீட்டுகளைத் திறக்கும் முன் ஒவ்வொரு கட்டத்திலும் மேலே இருக்கும் ஒரு சீட்டைப் பார்க்காமல் ஒதுக்கிப் போடுகிறார். மேல்சீட்டின் முதுகில் யாராவது நகக்குறி வைத்திருந்தாலும் பலிக்காமல் போவதற்கான ஏற்பாடு.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு ஆடுபவர் கையில் என்ன சீட்டு என்று தெரியும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றால் தெரியாது. டிவிக்கு அந்தக் கண்ணைக் கொடுத்தவர் ஹென்றி ஓரென்ஸ்டைன். போலந்தில் பிறந்த யூதர். நாஜி முகாமில் அறிவியலாளர்களும் கணிதம் தெரிந்தவர்களும் தேவை என்று அறிவித்தபோது, ஒன்றும் தெரியாத நிலையில் தன் பெயரையும் உடன்பிறந்தோர் பெயரையும் துணிந்து கொடுத்து உயிர் தப்பியவர். பிறகு அமெரிக்காவில் பொம்மை வியாபாரி. காராக மாறும் டிரான்ஸ்ஃபார்மர் பொம்மைகள் அங்கே கடைக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. டிவியில் போக்கர் பார்க்கச் சலிப்பாக இருக்கிறதே என்று, ஆடுபவரின் சீட்டை மேசைக்குள்ளிருந்து காட்டும் கேமராவுக்கு 1995-இல் காப்புரிமை வாங்கினார். இன்று பெரிய போட்டிகளில் கேமராவுக்குப் பதில் சீட்டுக்குள்ளேயே ஒரு மெல்லிய சில்லு. நம்ம மெட்ரோ கார்டைக் கதவில் காட்டினால் அடையாளம் தெரிகிறதல்லவா, அதே வித்தை. மேசைத் துணிக்கு அடியில் இருக்கும் ஆண்டெனா, சீட்டு எது என்று படித்துவிடும். ஆட்டத்துக்குள் தகவல் கசியாமலிருக்க ஒளிபரப்பைத் தாமதித்து விடுவார்கள்.

நாங்கள் நின்ற மேசையில் சில்லும் இல்லை, கேமராவும் இல்லை. ஆகவே முகங்களைப் பார்த்தோம். அதுவும் வீண் வேலை என்கிறது 2013-இல் வெளியான ஓர் ஆய்வு. 2009 உலகத் தொடரில் ஆடியவர்கள் சிப் தள்ளும் சில நொடிப் படங்களைச் சாதாரண ஆட்களிடம் காட்டி, கை நல்லதா மோசமா என்று ஊகிக்கச் சொன்னார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் ஊகம், கண்ணை மூடிச் சொல்வதைவிட மோசம். முகம் அவ்வளவு நன்றாக நடிக்கிறது. கைகளை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். நல்ல சீட்டு வைத்திருப்பவரின் கை தயங்காமல், இழுப்பில்லாமல் நகர்கிறது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் முகத்தை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கையை மறந்துவிட்டவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இரவு ஒன்பதரை இருக்கும். ஒரு கையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், அரைக்கைச் சட்டை, பையில் பேனா. எதிரே ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிய ஒரு பையன். ஐந்து பொதுச் சீட்டும் திறந்தாகிவிட்டது: ஆட்டின் (ஹார்ட்) எட்டு, ஆட்டின் ஒன்பது, ஸ்பேட் ராணி, கிளாவர் இரண்டு, டைமண்ட் மூன்று. நடுவில் குவிந்திருந்தது 40,000 சிப்பு. பெரியவரிடம் மிச்சமிருந்ததும் ஏறத்தாழ அவ்வளவுதான். அவர் ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டுக்கு நேரமாகிறது போலும் என்று நினைத்தேன். பிறகு முழு அடுக்கையும் இரண்டு கையாலும் முன்னே தள்ளினார்.

பையன் சாய்ந்து உட்கார்ந்தான். பெரியவர் கையில் ஆட்டின் சின்னத்தில் இரண்டு இருந்து, ஒரே சின்னத்தில் ஐந்து சேர்க்க வேண்டிய ஐந்தாவது ஆட்டின் வராமல் போயிருக்கலாம். பத்தும் ஜாக்கும் இருந்தால் எட்டு, ஒன்பது, ராணியோடு சேர்ந்து வரிசை முடிந்திருக்கும். இரண்டில் எது? பாவலாவா, நிஜமா?

பாவலா என்றால் தைரியம், நடிப்பு, ஆளைப் படிக்கும் திறன் என்றுதான் சினிமா நமக்குச் சொல்லிவைத்திருக்கிறது. 1928-இல் ஜான் வான் நாய்மன் என்ற ஹங்கேரியக் கணித மேதை இதற்குக் கணிதம் எழுத ஆரம்பித்தார். ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் நிலைகளை ஆராயும் 'ஆட்டக் கோட்பாடு' பிறந்தது அங்கேதான். பொருளாதாரமும் போர்த் தந்திரமும் பிறகு இதைக் கடன் வாங்கிக்கொண்டன. பாவலா மனவித்தை இல்லை, கணக்கின் கட்டாயம் என்று அவர் காட்டினார். கணக்கு மிக எளிது.

நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. நீங்கள் 100 தள்ளுகிறீர்கள். எதிராளி 100 கட்டினால்தான் உங்கள் சீட்டைப் பார்க்கலாம். வென்றால் அவருக்கு 200 லாபம், தோற்றால் 100 நஷ்டம். நீங்கள் நல்ல கை இருந்தால் மட்டும் தள்ளுபவர் என்று தெரிந்தால் அவர் ஒரு நாளும் கட்டமாட்டார், உங்கள் நல்ல கைக்குக் கூலியே கிடைக்காது. எப்போதும் பாவலா செய்பவர் என்றால் ஒவ்வொரு தரமும் கட்டி உங்களை உரித்துவிடுவார். நீங்கள் தள்ளும் தரங்களில் சரியாக மூன்றில் ஒன்று பாவலா என்றால்? மூன்று தரம் கட்டினால் இரண்டில் 100, 100 இழப்பார், ஒன்றில் 200 பெறுவார். கூட்டிக் கழித்தால் சுழி. கட்டினாலும் கட்டாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்களிடம் ஒன்றும் செய்ய முடியாது.

சிக்கல் இனிதான். மூன்றில் ஒன்று என்பது எந்த ஒன்று என்று யாராலும் ஊகிக்க முடியாதபடி இருக்க வேண்டும். மனித மூளை இதில் படு மோசம். இரண்டு தரம் நேர்மையாக ஆடிவிட்டால் மூன்றாவதற்குக் கை அரிக்கும், எதிராளிக்கும் அது தெரிந்துவிடும். ஆகவே அனுபவசாலிகள் சிலர் முடிவைத் தம் மூளையிடம் விடுவதில்லை. கைக்கடிகாரத்தின் நொடி முள்ளிடம் விட்டுவிடுகிறார்கள். முள் 12-க்கும் 4-க்கும் நடுவில், அதாவது முதல் 20 நொடியில் இருந்தால் பாவலா. இல்லாவிட்டால் இல்லை.

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்தக் கணக்கைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சதுரங்கத்தில் எல்லாமே பலகையின் மேல் தெரிகிறது. போக்கரில் பாதி தெரியாது. இருவர் ஆடும் வரம்பில்லாப் போக்கரில் முடிவெடுக்க வேண்டிய நிலைகள் 1-க்குப் பின்னால் 161 சுழி. எல்லாவற்றையும் பட்டியல் போடும் பேச்சுக்கே இடமில்லை. 2017 ஜனவரியில், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல், 20 நாளில் 1,20,000 கை ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சேர்த்து 17 லட்சம் டாலர் மதிப்புச் சிப்புக்கு மேல் தோற்கடித்தது.

அது கற்ற விதம்தான் எனக்குப் பிடித்தது. அதன் அடிப்படை முறைக்குப் பெயர் 'வருத்தக் குறைப்பு'. ஒயிட்ஃபீல்டிலிருந்து சில்க் போர்டு வழியாக வந்து ஒரு மணி நேரம் சிக்கிக்கொண்டவர் என்ன சொல்வார்? வேறு பக்கமாக வந்திருக்கலாமே என்பார். எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும் என்பதுதான் அவர் வருத்தத்தின் அளவு. நிரல் தனக்குத் தானே எதிரியாக உட்கார்ந்து கோடிக்கணக்கான கை ஆடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும், செய்யாமல் விட்டதைச் செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று குறித்துவைத்துக்கொள்கிறது. எதைச் செய்யாததற்கு வருத்தம் அதிகமோ அதை அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறது. யாரும் அதற்குப் பாவலா சொல்லிக்கொடுக்கவில்லை. வருத்தப்பட்டு வருத்தப்பட்டுத் தானாகவே கற்றுக்கொண்டது. 2019-இல் வந்த இதன் தம்பி புளூரிபஸ் ஆறு பேர் மேசையில் வென்றது. எட்டே நாள் பயிற்சி. அதற்கான கணினி வாடகை சுமார் 150 டாலர். பெங்களூரில் ஒரு படுக்கையறை வீட்டின் ஒரு மாத வாடகைகூட வராது.

இத்தனை கணக்கு இருக்கும் ஆட்டத்தைச் சூதாட்டம் என்பதா, திறமை என்பதா? நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. உச்ச நீதிமன்றம் 1967-இல் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது, மூணு சீட்டு அப்படி இல்லை என்று பிரித்தும் காட்டியது. போக்கரைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு விதமாகப் பார்த்தது, குஜராத் உயர் நீதிமன்றம் 2017-இல் சூதாட்டம்தான் என்றது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், இணையத்தில் பணம் வைத்து ஆடுவதை, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே கேட்காமல், மொத்தமாகத் தடுத்துவிட்டது.

எண்கள் என்ன சொல்கின்றன? இணையத்தில் ஆடிய 10 கோடிக்கும் மேற்பட்ட கைகளை 2009-இல் அலசினார்கள். தரவு கொடுத்தது போக்கர் தளமே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கு 76 கையில் சீட்டைக் காட்டும் நிலையே வரவில்லை. ஒருவர் தவிர எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். யாருடைய சீட்டு பெரிது என்ற ஒப்பீடே அங்கே நடக்கவில்லை. 2010 உலகத் தொடரைப் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் ஆராய்ந்தபோது, முன்கூட்டியே திறமைசாலிகள் என்று அறியப்பட்டவர்கள் போட்ட பணத்தில் சராசரி 30 சதவீத லாபம் பார்த்திருந்தார்கள். மற்ற எல்லோரும் சராசரி 15 சதவீதத்தை இழந்திருந்தார்கள். திறமை உண்டு, சரி. ஆனால் அந்த மற்றவர்களில்தான் நானும் நீங்களும் இருப்போம். கர்நாடகத்தைச் சேர்ந்த சந்தோஷ் சுவர்ணா 2024-இல் லாஸ் வேகாஸில் 54,15,152 டாலர் வென்றார், சுமார் 45 கோடி ரூபாய். அந்தப் போட்டிக்கு நுழைவுக் கட்டணமே 2,50,000 டாலர், இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். செய்தித்தாள்கள் முதல் எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டன.

மேசைக்கு வருகிறேன். பையன் நான்கு நிமிடம் யோசித்தான். பெரியவரின் கண்ணைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான். கையைப் பார்க்கவில்லை. சுற்றிலும் சிப் உருளும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. கடைசியில் தன் இரண்டு சீட்டையும் ஒரு விரலால் முன்னே நகர்த்தினான். ஃபோல்ட். பெரியவர் சிரிக்கவில்லை. தன் இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே டீலர் பக்கம் தள்ளிவிட்டுச் சிப்பை அடுக்க ஆரம்பித்தார். டீலர் அவற்றை மற்ற ஐம்பதோடு சேர்த்துப் பரப்பினார். இரண்டு உள்ளங்கையும் வட்டமாக அளைந்தன.

திரும்பி வரும்போது மெட்ரோவில் மருமகன் கேட்டான். "பாவலாதானே மாமா?"

எட்டு, ஒன்பது, ராணி என்று அவன் ஒன்றும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. நொடி முள் எந்த இடத்தில் இருந்தது என்பதை மட்டும் இருவரும் பார்க்கவில்லை.